புல்மலையில் பூக்காவல்

தலவாக்கலையில் இறங்க வேண்டியவள் நானுஓயாவில் இறங்கினேன். தூக்கம்தான் காரணம். ரயில் வெயிலையும் வியர்வையையும் கீழேயே விட்டுவிட்டு மலை ஏறத் தொடங்கியதும் சன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்தது. எதிரில் இருந்தவர் முகம் மறைந்தது, தெரிந்தது, மறுபடி மறைந்தது. ஹட்டன் வரைக்கும் கண்ணை இழுத்துப் பிடித்து வைத்திருந்தேன். அதற்கப்புறம் ஒரு சுரங்கப்பாதை. அந்த இருட்டில் மூடிய கண்ணைத் திறந்தபோது ஒரு போர்ட்டர் என் பெட்டியைத் தட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குத் திருச்சித் தொலைபேசி நிலையத்தில் வேலை. ஊரார் பேச்சைக் காதில் வாங்கி, இந்தப் பக்கத்துக்காரரை அந்தப் பக்கத்துக்காரரோடு சேர்த்துவைத்தே காலம் போகிறது. அப்படிப்பட்டவள் பாஷை தெரியாத ஊரில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்பதை என்னோடு வேலை பார்ப்பவர்கள் பார்த்திருந்தால் ஒரு மாதத்துக்குச் சிரித்திருப்பார்கள்.

பெட்டிக்குள் ஒரு கூறைப்புடவை. பெரியப்பா மகள் பவளம் அக்காவின் பெண்ணுக்குக் கல்யாணம். பெரியப்பா இள வயதிலேயே தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அக்கா பிறந்தது, வளர்ந்தது, கொழுந்து பறிப்பது எல்லாம் தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில். “கூறை மட்டும் நம்ம ஊரிலிருந்து வரணும் கமலா, தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டு வா” என்று எழுதியிருந்தாள். தபால் போய்ச் சேரும் லட்சணம் அந்த இலாகாவில் இருக்கும் எனக்குத் தெரியாதா? லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். எண்பதுகளின் தொடக்கம் அது. தை மாதம்.

நானுஓயாவிலிருந்து திரும்பி வர ஒரு காய்கறி லாரி கிடைத்தது. லீக்ஸ், கேரட், முட்டைக்கோஸ். ஓட்டுநர் சிங்களவர், பக்கத்தில் உதவியாள் ஒருவர், தமிழர். ஹாரன் வேலை செய்யாததால் ஒவ்வொரு வளைவிலும் உதவியாள் வெளியே கைநீட்டிக் கதவைப் படபடவென்று அறைந்துகொண்டே வந்தார். பனியில் எதிரே வரும் பஸ்காரனுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று நான் கேட்டதற்கு, “கேக்கும்மா, கேக்கலன்னா அவன் ஹாரன் அடிப்பான்ல” என்றார். அந்தப் பதிலோடு நான் சாமியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா இருக்கும் பெரியகல்லுத் தோட்டத்துக்குப் போகிறேன் என்றதும் ஓட்டுநர் சிரித்து ஏதோ சொன்னார். உதவியாள் மொழிபெயர்த்தார்: “பூவுக்குக் காவல் போடுற தோட்டமான்னு கேக்குறாரு.” அந்தப் பூவின் கிழங்கைத் தோண்டி அரைத்துக் கொடுத்தால் நினைத்த பெண் மயங்கி வந்துவிடுவாளாம். ஓட்டுநரும் வாலிபத்தில் தோண்டியிருக்கிறார். “அதக் குடுத்துத்தான் இப்ப வீட்ல இருக்கிறது கிடைச்சுதாம். அதனால அந்தப் பூவக் கண்டாலே கோவம் வருதுங்கிறாரு.” இருவரும் சிரித்தார்கள். பூவுக்கு எதற்குக் காவல் என்று எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

அக்கா சாலையோரத்தில் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். சின்ன வயதில் அவள் ஊருக்கு வந்தபோது பார்த்த முகம், கன்னம்தான் ஒட்டியிருந்தது. “கோச்சியில தூங்கிட்டியா? நீ தூங்கித்தான் போயிருப்பேன்னு இவரு அப்பவே சொன்னாரு” என்றாள். இவர் என்பது ஆறுமுகம் அத்தான், தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர். அன்றைக்கு அவர் பேசியதாக நான் அறிந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதையும் அக்கா வாயால் கேட்டேன். பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

ஒரே நீளத் தகரக் கூரை, அதன் கீழே வரிசையாக அறைகள். அதுதான் லயம். குடும்பத்துக்கு ஓர் அறை. அதைக் காம்பரா என்கிறார்கள். முன்னால் ஆள் படுக்கும் அகலத்தில் ஒரு ஒடுக்கமான முகப்பு, அதற்கு இஸ்தோப்பு என்று பெயர். அடுப்பு, விறகு, கோழி, விருந்தாளி எல்லாம் அங்கேதான். திருச்சியில் என் வீடு சின்னது என்று நான் நாள்தோறும் புலம்புவேன். அந்தப் புலம்பலைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய தடித்த ரொட்டியும், உரலில் இடித்த சம்பலும் கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் மறுபடி கேட்டு வாங்கினேன். பிறகு வெறுந்தேத்தண்ணி, பால் சேர்க்காத தேநீர். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டி, அதை நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும். உலகத்துக்கெல்லாம் தேயிலை அனுப்புகிற மலையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஒரு டம்ளர் காப்பிக்கு நாக்கு தவித்தது. கேட்கத் துணியவில்லை.

கல்யாணப் பெண் யோகேஸ்வரி, வீட்டில் யோகா. துடுக்கு. கூறைப்புடவையை மடியில் விரித்துத் தடவிப் பார்த்தவள் திடீரென்று நிமிர்ந்து, “சின்னம்மா, ஒங்க ஊர்ல ஆளுக்கு வீடு கட்டுவாங்களா, பூவுக்கு வீடு கட்டுவாங்களா?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அக்கா சிரிக்கவில்லை. யோகாவும் சிரிக்கவில்லை.

விஷயம் மெல்லத் தெரிந்தது. லயத்துக்கு மேலே தேயிலை வைக்காத புல்மலை ஒன்று இருக்கிறது. அங்கே தனித்தனி வீடுகள் கட்டத் தோட்ட நிர்வாகம் திட்டம் போட்டிருக்கிறது. தனிச் சமையலறை, தனி வாசல். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு முதலில். யோகாவின் மாப்பிள்ளை நோர்வூட்டுக்காரர், இந்தத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து ஸ்டோர் மூலையில் படுத்துக்கொள்பவர். வீடு வந்தால்தான் அவர்களுக்கு என்று ஒரு கதவு. அந்த வீடு அந்த இடத்தில் வரக்கூடாது என்று நிற்கிற கூட்டத்துக்குத் தலைவி, யோகாவைப் பெற்ற பவளம் அக்கா.

மறுநாள் திங்கள். விடியும் முன்பே பெண்கள் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது ஆள் பிரித்துவிடும் இடத்துக்குப் போய்விட்டார்கள். கல்யாணப் பெண் என்று யோகாவுக்கு மட்டும் அந்த வாரம் ஓய்வு. நான் இஸ்தோப்பில் போர்வைக்குள் இருந்தபடி எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனிக்குள்ளிருந்து பெண்களின் பேச்சும் சிரிப்பும் மட்டும் வந்தன, ஆட்களைக் காணோம். காதில் ஒயர் மாட்டாமல் நான் கேட்ட முதல் தொலைபேசி அதுதான்.

சாயங்காலம் அக்கா என்னைப் புல்மலைக்குக் கூட்டிப்போனாள். அவளுக்குக் காவல் முறை. தேயிலைக்குள் ஏறி, ஒரு வரிசைக்கு மேல் தேயிலை நின்றுபோய், இடுப்பளவு புல் தொடங்கியது. காற்றில் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பனி வந்து மூடியது. நானும் அக்காவும் தோளில் கைவைத்துக்கொண்டு அப்படியே நின்றோம். பனி விலகியபோது புல்லுக்கு நடுவே அங்கங்கே மஞ்சள்.

இலை என்று பார்த்தால் புல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. மெல்லிய தண்டு, அதன் உச்சியில் ஒன்று, சிலவற்றில் இரண்டு பூ. நல்ல மஞ்சள். குனிந்து முகர்ந்தேன், மெல்லிய வாசம் வந்தது. சட்டென்று பனி வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ. நான் திருச்சியில் இருக்கிறேனா, இங்கே இருக்கிறேனா, தூங்குகிறேனா என்றே ஒரு நிதானம் இல்லை.

“இந்தத் தீவ விட்டா வேற எங்கயும் இது இல்லியாம். மாஸ்டர் சொன்னாரு” என்றாள் அக்கா. மாஸ்டர் என்பது தோட்டப் பள்ளிக்கூடத்து சவரிமுத்து மாஸ்டர். கிழங்கு தோண்ட டவுனிலிருந்து ஆட்கள் சாக்கோடு வந்தபோது, ஞாயிறு சர்ச் பூசை முடிந்து ஆட்களைச் சேர்த்து முதலில் காவல் போட்டவர் அவர்தான். பிறகு இந்துக் கோயில் பக்கத்து ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். வேலை முடிந்து, கைகால் கழுவும் முன்பே முறை வைத்து மேலே ஏறுவார்கள். யாரும் கூலி கேட்டதில்லை.

“பூவுக்காக மகளோட மல்லுக்கு நிக்கிறியே அக்கா” என்று கேட்டே விட்டேன்.

அக்கா ஒரு பூவின் மேல் சாய்ந்த புல்லை விலக்கிவிட்டாள். “இந்த மலையில என்ன இருந்தாலும் நிறுத்துப் பாப்பாங்க கமலா. கொழுந்த நிறுப்பாங்க. வெறக நிறுப்பாங்க. புள்ள பொறந்தா அதயும் நிறுப்பாங்க. யாரும் நடாம, யாரும் நிறுக்காம தானா நிக்கிறது இது ஒண்ணுதான். சின்ன வயசுல இங்க வந்துதான் ஒக்காந்து அழுவேன். இது போனா நான் எங்க போறது?” என்றாள். பிறகு, “வீடு வேணாம்னு நான் சொல்லலயே. கீழ பழைய மலை இருக்குல்ல, அங்க கட்டுங்கன்னுதான் கேக்குறோம்” என்று சேர்த்துக்கொண்டாள். பழைய மலையில் தேயிலை பாதி பட்டுப்போய் நின்றது. ஆனால் தேயிலை நிலம் தேயிலை நிலம்தானாம், அதில் வீடு கட்ட மேலிடத்து அனுமதி வேண்டுமாம்.

கீழே இறங்கும்போது மாஸ்டர் எதிரே வந்தார். கழுத்தில் மப்ளர் சுற்றிய, குளிருக்கு மூக்கு சிவந்த மனிதர். அவர் சொன்னதில்தான் எனக்கு முழுதும் புரிந்தது. சனிக்கிழமை துரை, அதாவது தோட்ட மேனேஜர், வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். “நிக்கிற பூவ என் கண்ணால பாத்தா, பழைய மலைக்கு மாத்தச் சொல்லி மேல எழுதுறேன்னு சொல்லியிருக்காரு. பாக்காட்டி, மறு வாரமே அத்திவாரம்.” மேலே எழுதினால் பதில் எப்போது வரும் என்று கேட்டேன். மாஸ்டர் மப்ளரைச் சரிசெய்துகொண்டார். “வரும்மா. வருசக்கணக்குல வரும்” என்றார். அதாவது, பூ தெரிந்தால் யோகாவுக்கு இப்போதைக்கு வீடில்லை. தெரியாவிட்டால் அடுத்த மழைக்குள் வீடு.

செவ்வாயன்று அளவுக்காரர்கள் வந்து சங்கிலி பிடித்து அளந்தார்கள். உச்சியில் சிவப்புச் சாயம் அடித்த முளைக்குச்சிகளைப் புல்மலையில் வரிசையாக அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு குச்சி பூக்கள் அடர்ந்து நின்ற இடத்துக்கு நட்ட நடுவே. அன்றைக்கு ரொட்டி யாருக்கும் இறங்கவில்லை. எனக்கு மட்டும் இறங்கியது.

புதன்கிழமை காலை லயம் முழுக்க ஒரே பரபரப்பு. நடுக்குச்சிக்கு யாரோ மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, சிவப்புத் துணி சுற்றி, முன்னால் ஒரு கல்லையும் நட்டுச் சாமியாக்கிவிட்டார்கள். நான் ஆச்சரியப்பட்டேன், அங்கே யாரும் படவில்லை. இந்தத் தோட்டங்களில் மலைக்கு ஒரு சாமி. கவ்வாத்து தொடங்குமுன் ஒரு சாமி, கொழுந்து ஏறுவதற்கு ஒரு சாமி, தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ஒரு சாமி. ஒரு கல்லும் கொஞ்சம் மஞ்சளும் போதும். வைத்துவிட்டால் அப்புறம் துரையானாலும் அதைப் பிடுங்க எந்தத் தொழிலாளியையும் ஏவ முடியாது.

“யாரு வெச்சதோ, முனிதான் வந்து எறங்கியிருக்கு” என்று அக்கா பக்திப்பரவசத்தோடு சொன்னாள். கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த மஞ்சள் தூள் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாதி காணோம். டப்பாவை மூடிவிட்டு நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அளவுக்காரரின் ஆள், சிங்களவர், அன்று மத்தியானம் வந்து குச்சியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போனதாக மாஸ்டர் வந்து சொன்னார். மாஸ்டர் வேதக்காரர், இந்த விஷயத்தில் அபிப்பிராயம் எதுவும் சொல்லாமல் மேலே பார்த்துக்கொண்டே இருந்தார்.

வியாழன் முழுதும் பனி. ஒன்றும் நடக்கவில்லை. நான் அரைத் தூக்கத்திலேயே நாளைக் கழித்தேன். காலையா மாலையா என்று தெரியாத ஒரு வெளிச்சம். யாரோ வந்து தேத்தண்ணி கொடுக்கிறார்கள், குடிக்கிறேன், மறுபடி யாரோ வந்து கொடுக்கிறார்கள். வாழ்நாளில் இப்படிச் சும்மா இருந்ததில்லை. சாமிக்கு நன்றி சொன்னேன், அக்கா மஞ்சள் பூசிய சாமிக்கு.

வெள்ளிக்கிழமை கல்யாணச் சாமான் வாங்க அத்தானும் நானும் டவுனுக்குப் போனோம். அக்காவுக்குக் கொழுந்து அதிகம், மற்ற எல்லோருக்கும் அப்படித்தான். புல்மலைக் காவலுக்கு ஆளில்லை. “கல்யாணப் பொண்ணு மலைக்குப் போகலாமா” என்று முணுமுணுத்தபடியே அக்கா யோகாவைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. யோகா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சுள்ளி பொறுக்கலாம் என்று கூடையையும் எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பும்போது பஸ் ஓர் ஏற்றத்தில் நின்றுவிட்டது. நடத்துநர் ஆண்களை இறங்கித் தள்ளச் சொன்னார். பிறகு பெண்களையும் சொன்னார். இறங்கித் தள்ளினேன். வெண்கல விளக்கு, மணவறைக் காகிதப்பூ, அரை மூட்டை சீனி சகிதம் நாங்கள் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. புல்மலைப் பாதையில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நெற்றி நிறைய விபூதி. பக்கத்து டிவிசன், அதற்கு அடுத்த தோட்டம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருக்கிறார்கள். புதுச் சாமி, வெள்ளிக்கிழமை வேறு. முன்பின் தெரியாத ஒரு அம்மாள் நிறுத்தி, “பிரசாதம் எடுத்துக்கங்க” என்று என் கையில் வைத்தாள். ஒரு தேங்காய்ச் சில்லு, கொஞ்சம் குங்குமம், ஒரு மஞ்சள் பூ.

பூவை உற்றுப் பார்த்தேன், புல்மலைப் பூவேதான். கோயிலுக்குப் பக்கத்தில் எந்தப் பூ நின்றாலும் அது சாமியின் பூ. பறித்துச் சாமிக்குப் போடாமல் வேறென்ன செய்வார்கள்? போதாததற்குப் புல்லையெல்லாம் வெட்டி இடத்தைத் துப்புரவாக்கிவிட்டார்களாம். புல் தலைகாட்டாமல் நிலத்தை வைத்துக்கொள்வதுதான் இவர்கள் ஆயுள் முழுக்கச் செய்த வேலை.

அக்கா இஸ்தோப்பில் நின்றிருந்தாள். என் கையைப் பார்த்தாள். பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்து, அதை மற்றக் கையால் மூடிக்கொண்டாள்.

“நீ அங்கதானடி இருந்த?” என்று யோகாவைக் கேட்டாள்.

“நான் என்னம்மா செய்யிறது? கும்புட வந்தவங்களத் தடுத்தா, அது சாமி இல்லன்னு நம்மளே சொன்ன மாதிரி ஆயிடும்ல?” என்றாள் யோகா.

அக்கா உட்கார்ந்துவிட்டாள். அப்புறம், வேறு என்ன பேசுவது என்று தெரியாமலோ என்னவோ, “கூடை எங்கடி?” என்று கேட்டாள். “மேலயே வெச்சிட்டு வந்துட்டேன்.” “கொழுந்துக் கூடயக் காட்டுல போட்டுட்டு வர்றவள இப்பத்தான் பாக்குறேன்” என்று அக்கா திட்டினாள். அந்தத் திட்டில் கூடைக்குப் பங்கே இல்லை. யோகா வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை ஜீப் வந்தது. துரை சிங்களவர், உயரமானவர், தோட்டத் தமிழை அச்சுப்போலப் பேசினார். அளவுக்காரர் கூட வந்தார். மாஸ்டர், அக்கா, அத்தான், காவல்காரப் பெண்கள் சிலர், நான், யோகா எல்லோரும் பின்னால் ஏறினோம். பனி நடுநடுவே வந்து எங்களை ஆளுக்கு ஆள் பிரித்தது. எல்லோரும் ஒரு வியாதிக்காரரைப் பார்க்கப் போகிற மாதிரி நடந்தோம்.

மேலே மொட்டை நிலம். நடுவில் குச்சிச்சாமி, கழுத்து நிறைய வதங்கிய மஞ்சள் மாலை. துரை செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

“பூ எங்க மாஸ்டர்?”

“அந்த மாலையில இருக்கிறதுதான் சார். நேத்து வரைக்கும் இங்க நின்னுச்சு.”

“மாலைக்குப் பூ எங்கருந்தும் வரும். நிக்கிறதக் காட்டுங்க.”

புல் வெட்டாத ஓரங்களில் பெண்கள் விலக்கி விலக்கித் தேடினார்கள். ஒன்றுமில்லை. தோண்டினால் கிழங்கு இருக்கும், அதைக் காட்டலாமே என்று மாஸ்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை அசைத்தாள். காக்க வந்ததைத் தன் கையாலேயே எப்படிப் பிடுங்குவாள்? கம்பளியை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். துரை கெட்டவர் இல்லை. “நான் என்ன செய்யிறது பவளம்? கண்ணால பாக்காம என்னன்னு எழுதுறது? புள்ளைக்கும் வீடு வேணும்ல” என்றார் தணிந்த குரலில். அளவுக்காரர் காகிதத்தை மடித்தார்.

யோகா கூட்டத்தை விட்டுத் தள்ளி, ஒரு பாறையின் ஓரத்தில் நின்றிருந்தாள். காலடியில் அவளுடைய கொழுந்துக் கூடை, கவிழ்ந்தபடி. நான் அவளையே பார்த்தேன். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பனி விலகிய இடைவெளியில் லயத்துக் கூரையும், அதன் மேல் எழும் புகையும் தெரிந்தன. பிறகு சிவப்புத் தலை முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அறை அறையாக ஒரு வீட்டைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி. துரை செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டடி இறங்கிவிட்டார். அப்போதும் அவள் அசையவில்லை. பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“சார்” என்று கூப்பிட்டாள். “இங்க வாங்க.”

குனிந்து கூடையைத் தூக்கினாள்.

ஒரே ஒரு தண்டு. அதன் உச்சியில் இரண்டு பூ. ஓர் இரவு முழுதும் கூடைக்குள் இருந்ததால் பனி படாமல், வெயில் படாமல், பளிச்சென்று நின்றன. துரை குந்தி உட்கார்ந்து பார்த்தார். தொடவில்லை. சிங்களத்தில் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டார். “சின்ன வயசுல பாத்தது, அதுக்கப்புறம் இப்பத்தான் பாக்குறேன்னு சொல்றாரு” என்றார் மாஸ்டர் என்னிடம் மெதுவாக. பிறகு துரை எழுந்து, “சரி, எழுதுறேன்” என்றார். அவ்வளவுதான். ஜீப் சத்தம் பனிக்குள் இறங்கிப் போனது.

பெண்கள் யோகாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா மட்டும் வரவில்லை. நின்ற இடத்திலேயே முகத்தைக் கம்பளிக்குள் புதைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. பூ தப்பியதற்காகவா, இந்தப் பெண் தன் வாசலைத் தானே அடைத்துக்கொண்டதற்காகவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூடையைத் தட்டித் தோளில் மாட்டிக்கொண்டு யோகா இறங்கிவிட்டாள்.

அடுத்த வாரம் கல்யாணம். கூறைப்புடவை கொஞ்சம் நீளம் அதிகம், குளிருக்கு நல்லதாயிற்று. லயத்துக் கூரையிலிருந்து தார்ப்பாய் இழுத்துக் கட்டிப் பந்தல். தப்பு அடித்த அடியில் எதிர் மலை திருப்பி அடித்தது. ஆட்டுக்கறிக் குழம்பு, நோர்வூட்டிலிருந்து வந்த சம்பந்திகள் கொண்டுவந்த பலகாரம், பாண் என்கிற பேக்கரி ரொட்டி, பருப்பு. மாஸ்டர் மப்ளரைக் கழற்றிவிட்டு ஆடினார். மாப்பிள்ளை கூச்ச சுபாவம். யோகா எதைச் சொன்னாலும் தலையாட்டினார். கூந்தலில் வைக்க டவுனிலிருந்து கனகாம்பரம் வாங்கி வந்திருந்தோம். மஞ்சள் பூ எதையும் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

காம்பராவைப் புதுத் தம்பதிக்கு விட்டுவிட்டு, அக்காவும் அத்தானும் இஸ்தோப்புக்கு வந்துவிட்டார்கள். காற்றுக்கு மறைப்பாகச் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டார் அத்தான். நான் இருந்த நாள்வரைக்கும் எனக்கும் அங்கேதான் படுக்கை. மூன்று பேரும் போர்வைகளைச் சேர்த்துப் போர்த்திக்கொண்டோம். அத்தான் இருமினால் சாக்கு ஆடும். இது எத்தனை வருஷத்துக்கு என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்காமல் இருப்பதே நல்லது என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கிளம்புகிற காலை. யோகா தேத்தண்ணி கொண்டுவந்து என் உள்ளங்கையில் சீனியைக் கொட்டினாள். கழுத்தில் புதுத் தாலிக்கயிறு, மஞ்சள் இன்னும் மங்கவில்லை. அன்றைக்கு அவள் வேலைக்குத் திரும்புகிறாள். கூடையும் கயிறும் வாசலில் தயாராக இருந்தன. பக்கத்தில் அக்கா கம்பளிக்குள் சுருண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

“கூடயத் தூக்காம இருந்திருக்கலாமே யோகா” என்றேன். கேட்டிருக்கக்கூடாது. ஆனால் கேட்காமல் ரயில் ஏற முடியாது போலிருந்தது.

யோகா குனிந்து அம்மாவின் காலை மூடாமல் கிடந்த கம்பளியை இழுத்துவிட்டாள்.

“இருந்திருக்கலாம் சின்னம்மா. வீடு வந்திருக்கும். ஆனா அந்த வீட்டுக்கு எங்கம்மா ஒருநாளும் வந்திருக்க மாட்டாங்க.”

பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு, சாக்கை விலக்கி வெளியே போனாள்.